தொப்பியப் பாத்து மயங்காதே தம்பி

வாப்பா தம்பி, வா. முட்டியெல்லாம் சேறு, சட்டையில பைன் ஊசி ஒட்டியிருக்கு, கையில போனு, மூஞ்சியில இம்புட்டுச் சிரிப்பு. செவப்புக் காளானப் பாத்துட்ட. அப்படித்தானே? மழை விட்ட மறுநாளு கொடைக்கானலுக்கு வர்ற பட்டணத்து ஆளுங்க மூஞ்சி எல்லாமே இப்படித்தான் இருக்கும். வேற எதையும் பாத்து இந்தச் சிரிப்பு வராது. காட்டெருமையப் பாத்தா ஓட்டம் வரும், ஓட்டல் பில்லப் பாத்தா அழுகை வரும். இந்தச் சிரிப்பு அந்தத் தொப்பிக்குன்னே ஒதுக்கி வச்சது.

எங்க, போட்டோவக் காட்டு. அடடே! செவப்புத் தொப்பி, மேல வெள்ளை வெள்ளையாப் பொட்டு. ஒன்னோட போனுக்குள்ள பொம்மைப் படம் அனுப்புவீங்களே, அதுல இருக்கிற காளான் இதேதான். மரியோன்னு ஒரு மீசைக்காரன் ஓடி ஓடி முழுங்குவானே, அந்த வெளையாட்டுலயும் இதே சாடைதான். ஆக, ஒலகமே போட்டோ எடுக்குற காளானுக்கு நீயும் ஒரு போட்டோ எடுத்திருக்க. சந்தோசம். ஆனா எல்லாப் படமும் மேல இருந்து எடுத்திருக்கியே, கீழ என்ன இருக்குன்னு ஒரு படமாச்சும் உண்டா? இல்ல. அதான் பாத்தேன்.

என்னது, போன்ல ஒரு ஆப்பு இருக்கா? படத்தக் காட்டினா அதுவே பேரச் சொல்லிருமா? தொண்ணூத்து ரெண்டு சதவீதம் நிச்சயம்னு சொல்லுதா? பேஷ். பரிச்சையில வாங்கினா பெரிய மார்க்குதான். மிச்சம் எட்டு சதவீதம் யாரு வயித்துக்குள்ள போகும்னு அதையும் கேட்டு வச்சுக்க. அது போனுப்பா. அதுக்கு வயிறு இல்ல, ஈரல் இல்ல, அழுறதுக்குப் பொண்டாட்டி புள்ளை இல்ல. அது எத வேணும்னாலும் தைரியமாச் சொல்லும்.

நான் காட்டுல வாட்சர் வேலை பாத்தவன். காளான் படிக்க வந்த காலேஜ் வாத்தியார்மாருக்குக் கூடை தூக்கியிருக்கேன். கூடை தூக்குறவன் காதுலயும் பாடம் விழும், சம்பளந்தான் சரியா விழாது. அவுங்க இதுக்குச் சொன்ன பேரு அமானிட்டா மஸ்கேரியா. லின்னேயஸ்னு சுவீடன் நாட்டு ஆளு ஒருத்தரு 1753-லயே இத ஏட்டுல எழுதிட்டாரு. 1783-ல லமார்க்குங்கிற பிரெஞ்சுக்காரரு இப்ப இருக்கிற அமானிட்டாப் பேரினத்துல சேத்தாரு. பேருல இருக்கிற மஸ்கேரியா ஈயக் குறிக்குது. ஐரோப்பாவுல இதப் பாலுல பிச்சுப் போட்டு ஈ புடிப்பாங்களாம். ஆல்பர்ட்டஸ் மாக்னஸ்னு ஒரு சாமியாரு 13-ஆம் நூற்றாண்டுலயே இந்த வித்தைய எழுதி வச்சிருக்காரு. ஈ குடிச்சிட்டு மல்லாந்து கெடக்கும். சிலது செத்துரும், சிலது போதை தெளிஞ்சு எந்திரிச்சுப் பறந்துரும். சனிக்கிழமை ராத்திரி எங்க ஊருக் கடைவாசல்லயும் இதே கதைதான், பாலு மட்டும் இருக்காது.

சரி, இது நம்ம ஊரு சரக்கான்னு கேளு. கேக்க மாட்ட. இருந்தாலும் சொல்றேன். சோலைக்காட்டுக்குள்ள போயித் தேடிப் பாரு, நாவல் மரத்தடியில, செண்பக மரத்தடியில இந்தச் செவப்பன் நிக்க மாட்டான். பைன் மரத்தடியில நிப்பான், சில எடத்துல யூக்கலிப்டஸ் பக்கத்துல நிப்பான். ஏன்னா அவன் அந்த மரத்தோட வந்தவன். கொடைக்கானல்ல பைன் நடுறத 1906-ல பிரையண்ட் துரை ஆரம்பிச்சு வச்சார்னு சொல்லுவாங்க. இங்க நிக்கிற பைன்ல நெறைய மெக்சிகோ நாட்டுச் சாதி. யூக்கலிப்டஸ் ஆஸ்திரேலியாக்காரன். இந்தக் காளானுக்குச் சொந்த ஊரு வடக்க குளிரு நாடு, அங்க பிர்ச்சு மரம், பைன் மரம், ஸ்புரூஸ் மரத்தடியில இருக்கும். நாத்தோட வேருலயும் மண்ணுலயும் ஒட்டிக்கிட்டு ஒலகம் பூராவும் கப்பலேறிப் போயிருச்சு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, எங்கெல்லாம் வெளிநாட்டு மரம் நட்டாங்களோ அங்கெல்லாம் டிக்கெட் இல்லாமப் போயி எறங்கிருச்சு.

ஒட்டிக்கிட்டு வந்தான்னதும் ஒட்டுண்ணின்னு நெனச்சுராத. மண்ணுக்குள்ள வெள்ளை நூலா ஓடி மரத்தோட வேர் நுனியச் சுத்தி உறை போட்டுக்குவான். மண்ணுல இருக்கிற மணிச்சத்தையும் தழைச்சத்தையும் தண்ணியையும் மரத்துக்குக் குடுப்பான். மரம் எலையில சமைச்ச சர்க்கரைய இவனுக்குக் குடுக்கும். இந்த மாதிரிக் காளான் கூட்டாளி இல்லாத மண்ணுல பைன் நாத்து மஞ்சளடிச்சுக் குன்னிப் போகும். அதுனால எத்தனையோ நாட்டுல நர்சரிக்காரங்க பழைய பைன் காட்டு மண்ண அள்ளிக்கிட்டு வந்து போட்டிருக்காங்க. நீ பாக்குற செவப்புத் தொப்பி, மண்ணுக்குள்ள வருசம் பூராவும் வேலை செய்யிற ஆளு மழைக்கு வெளிய காட்டுற காயி, அம்புட்டுத்தான். இத வீட்டுக்குக் கொண்டு போயி வைக்கோல்ல வளக்கலாமான்னு போன வாரம் ஒரு தம்பி கேட்டாரு. சிப்பிக்காளானுக்கு வைக்கோலு போதும் அய்யா, இவனுக்கு மரத்தோட உசுருள்ள வேரு வேணும்னேன். மொட்டை மாடியில பைன் மரம் வைக்கலாமான்னு அடுத்து கேட்டாரு. மாடி யாரோடதுன்னு கேட்டேன். வாடகை வீடாம்.

ஆக, மொத புத்தி இது. காளானப் பாக்குறதுக்கு முந்தி தலைய நிமித்தி மரத்தப் பாரு. என்ன மரத்தடியில நிக்கிதுன்னு தெரிஞ்சா பாதி வெலாசம் கெடைச்சிரும்.

ரெண்டாவது புத்தி, தொப்பிய விட்டுட்டு அடிக்குப் போ. நம்ம பக்கம் எடம் வாங்க வர்ற பட்டணத்துக்காரரு கேட்டுல அடிச்ச பெயிண்டப் பாத்து அட்வான்ஸ் குடுப்பாரு, வெவரம் உள்ளவன் மூலப்பத்திரத்தக் கேப்பான். காளானுக்கு மூலப்பத்திரம் மண்ணுக்குள்ள இருக்கு. நீ என்ன பண்ற? பூப்பறிக்கிற நெனப்புல காம்பக் கிள்ளி எடுத்துர்ற. பத்திரம் மண்ணோட போச்சு. ஒரு பேனாக்கத்தியோ குச்சியோ எடுத்துச் சுத்தி நோண்டி, அடியோட பெயர்த்து எடு. பயப்படாத, தொட்டா ஒண்ணும் ஆகாது. வெசம் வயித்து வழியாத்தான் வேலை செய்யும். தொட்ட கையக் கழுவிட்டுச் சோத்துல கைய வையி, அம்புட்டுப் போதும்.

அடியில என்ன பாக்கணும்? காம்போட அடி உருண்டு வீங்கியிருக்கும். அந்த உருண்டைக்கு மேல வெள்ளை மணி மணியா ரெண்டு மூணு வட்டம் வரிசை கட்டி நிக்கும். அதுதான் இவனோட கையெழுத்து. ஏன் அப்படி வருது தெரியுமா? பொறக்கும்போது இவன் மொத்தமா ஒரு வெள்ளை உறைக்குள்ள சுருண்டு இருப்பான். வளர வளர உறை கிழியும். கிழிஞ்சதுல மேல ஒட்டுனதுதான் தொப்பியில இருக்கிற வெள்ளைப் பொட்டு, கீழ தங்குனதுதான் அடியில இருக்கிற வட்டம். ரெண்டும் ஒரே துணி. தொப்பியோட அடிப்பக்கம் மூடியிருந்த இன்னொரு சவ்வு கிழிஞ்சு காம்புல வெள்ளைப் பாவாடையாத் தொங்கும். தொப்பிக்கு அடியில மடிப்பு மடிப்பா இருக்கே செவுளு, அது வெள்ளையா இருக்கும், காம்போட ஒட்டாம விலகி நிக்கும். தொப்பி நல்லா விரிஞ்சா எட்டு சென்டிமீட்டர்ல இருந்து இருவது வரைக்கும் போகும், ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குக் கொஞ்சம் கம்மி.

இப்ப நீ கேக்கணும்: "தாத்தா, தொப்பியில பொட்டு இருந்தாப் போதாதா? எதுக்கு இம்புட்டு நோண்டணும்?" நல்ல கேள்வி, கேக்காட்டியும் நல்ல கேள்விதான். பொட்டு வெறும் ஒட்டு வேலைப்பா. ரெண்டு நாள் கொடைக்கானல் மழை வலுத்துப் பேஞ்சா கழுவிக்கிட்டுப் போயிரும். வெயில்ல நின்னா செவப்பு வெளுத்து ஆரஞ்சாகும், மஞ்சளாகும். பொட்டும் போயி, செவப்பும் போயி நிக்கிறவனப் பாத்து ஒன் ஆப்பு வேற பேரு சொல்லும்.

இப்படித்தான் 1897-ல அமெரிக்காவுல வாஷிங்டன்ல ஒரு பெரிய மனுசன் போனாரு. இத்தாலி நாட்டுப் பிரபு, பேரு தெ வெக்கி. காளான் சாப்பிட்டே வளந்த ஊருக்காரரு. அவரு நாட்டுல சீசர் காளான்னு ஒண்ணு உண்டு, அதுவும் அமானிட்டாக் குடும்பந்தான். ஆரஞ்சுச் செவப்புத் தொப்பி, ஆனா செவுளும் காம்பும் மஞ்சள், அடியில வெள்ளைப் பை ஒண்ணு தனியா நிக்கும். ருசிக்குப் பேர் போனது. இவரு அதுதான்னு நெனச்சு இந்தச் செவப்பனத் தட்டு நெறைய சாப்பிட்டாரு. மறுநாளு ஆளு இல்ல. அவருக்குக் காளான் தெரியாதுன்னு யாரும் சொல்ல முடியாது. தெரியும்கிற நெனப்புத்தான் அவரப் பந்தியில ஒக்கார வச்சது. ஒண்ணும் தெரியாதவனா இருந்திருந்தா ரொட்டியத் தின்னுட்டுப் படுத்திருப்பாரு. செவுளத் திருப்பிப் பாத்திருந்தா, வெள்ளையா மஞ்சளான்னு ஒரு நொடியில வழக்கு முடிஞ்சிருக்கும்.

சீசர்னதும் இன்னொன்னு ஞாவகம் வருது. ரோமாபுரி ராசா கிளாடியஸ் கி.பி. 54-ல செத்தாரு. காளான்னா அவருக்கு உசுரு. அதுலயே வெசம் வச்சுக் குடுத்தது சம்சாரம் அக்ரிப்பினாதான்னு அந்தக் காலத்து எழுத்தாளருங்க எழுதியிருக்காங்க. இதுல இருக்கிற புத்தி காளானப் பத்தினது இல்ல தம்பி. சமைக்கிறவங்களோட சண்டை போட்டுட்டுச் சாப்பிட ஒக்காராத.

செவப்பாவே இன்னொருத்தனும் உண்டு, ருசுலான்னு சொல்லுவாங்க. அவனுக்குப் பொட்டு கெடையாது, பாவாடை கெடையாது, அடியில வீக்கம் கெடையாது. காம்ப ஒடிச்சா நாரே இல்லாமப் பட்டுனு ஒடியும். அப்புறம், மண்ணுல பாதி புதைஞ்சு வெள்ளை முட்டையா ஒண்ணு கெடக்கும், நல்ல உருண்டைக் காளான்னு நெனச்சு எடுத்துராத. நடுவுல நெட்டுக்குத்தா அறுத்துப் பாரு. உள்ள பூராவும் ஒரே வெள்ளைன்னா அது வேற கதை. தொப்பி, காம்பு, செவுளுன்னு உள்ளுக்குள்ள உருவம் தெரிஞ்சு, தோலுக்கு அடியில மஞ்சள் கோடு ஓடுச்சுன்னா, நம்ம செவப்பன் தொட்டில்ல தூங்குறான். எழுப்பாம வந்துரு.

ராத்திரி தங்குற ரூமுல ஒனக்கு ஒரு வேலை தர்றேன். ரீல்சு பாக்குறத விட நல்ல வேலை. தொப்பிய மட்டும் அறுத்து, செவுளு கீழ பாக்க வெள்ளைத் தாளு பாதி, கறுப்புத் தாளு பாதின்னு ஒட்டி அதுமேல வையி. ஒரு டம்ளரக் கவுத்து மூடிரு. ஓட்டல் டம்ளரு வேணாம், நீ கொண்டு வந்தது. காலையில எடுத்துப் பாத்தா வித்துத்தூள் கோலம் போட்டிருக்கும். நம்ம செவப்பனுக்கு வெள்ளைக் கோலம், கறுப்புத் தாளுலதான் தெரியும். கீழ்நாட்டுல கரையான் புத்துல மொளைக்கிற புத்துக்காளானுக்கு லேசான ரோசாக் கோலம். புல்தரையில பெரிசா வெள்ளையா மொளைக்கிற ஒரு நாய்க்குடை இருக்கு, அதுக்குப் பச்சைக் கோலம். அத நல்ல காளான்னு தின்னு ராத்திரி பூரா வாந்தி எடுத்தவங்க ஒலகம் பூராவும் உண்டு. மேல பாத்தா எல்லாம் குடைதான். கோலந்தான் சாதியச் சொல்லும்.

இனி நம்ம வீட்டுக் கெழவிங்க வச்சிருக்கிற பரிச்சைகளுக்கு வருவோம். இதுல பட்டணம், கிராமம்னு வித்தியாசமே இல்ல, எல்லாருக்கும் ஒரே மடத்தனம். கொழம்புல வெள்ளிக்காசப் போடு, கறுத்தா வெசமாம். காளான் வெசம் வெள்ளியோட பேசவே பேசாதுப்பா. கொல்லுற காளானுக்குள்ளயும் காசு பளபளன்னு கெடக்கும். கடைசியில அந்தக் காசு நெத்தியில வைக்க ஒதவும். அடுத்தது, பூண்டப் போட்டா நெறம் மாறுமாம். எங்க மலைப்பூண்டு 2019-ல புவிசார் குறியீடு வாங்குன கெட்டிக்காரப் பூண்டு, அதுக்கே இந்த வேலை தெரியாது. புழு தின்னிருந்தா மனுசனும் தின்னலாமாம். நத்தை இந்தச் செவப்பன ஓட்டை ஓட்டையாத் தின்னுட்டு ஊர்ந்து போகும், ஒண்ணும் ஆகாது. நத்தைக்கு ஆகலைன்னா நீ முதுகுல வீட்டத் தூக்கிக்கிட்டு வா, அப்புறம் பேசலாம். நல்லா வேக வச்சா வெசம் செத்துருமாம். கல்லீரல அழிக்கிற வெசம் கொதிக்கிற தண்ணிக்கு அசையாது, காய வச்சாலும் அசையாது.

எல்லாத்துக்கும் மேல, பளிச்சுனு நெறமா இருந்தா வெசம், மங்கலா வெள்ளையா இருந்தா நல்லதுன்னு ஒரு சட்டம் வச்சிருக்காய்ங்க பாரு, அதுதான் ஆளக் கொல்லுற சட்டம். கேட்டுக்க. இந்தச் செவப்பன் வெசக்காரன்தான், சந்தேகமில்ல. இவனுக்குள்ள இருக்கிறது ஐபோட்டெனிக் அமிலம், மஸ்கிமால்னு ரெண்டு சரக்கு. தின்னா அரை மணியில இருந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள தலை சுத்தும், வாந்தி வரும், ஒளறல் வரும், இல்லாதது தெரியும், அடிச்சுப் போட்ட தூக்கம் வரும். ஆசுபத்திரியில பாத்துக்கிட்டா பெரும்பாலும் ஆளு பொழைச்சுக்குவான். அந்த இத்தாலிப் பிரபு போனது அபூர்வம்.

ஆனா இவனுக்கு ஒரு பங்காளி ஐரோப்பாவுல ஓக்கு மரத்தடியில இருக்கான். அமானிட்டா ஃபல்லாய்டீஸ். பொட்டு இல்ல, செவப்பு இல்ல, வெளுத்த பச்சையா, ஒண்ணும் தெரியாத மூஞ்சி. அவனும் மரத்தோட கப்பலேறிக் கலிபோர்னியா, ஆஸ்திரேலியான்னு போயிட்டான். தின்னு தப்பிச்சவங்க ருசியா இருந்துச்சுன்னே சொல்லியிருக்காங்க. பாதித் தொப்பி ஒரு ஆளுக்குப் போதும். தின்ன அன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னெண்டு மணி நேரம், சில சமயம் அதுக்கும் மேல கழிச்சுத்தான் வாந்தியும் பேதியும் புடிக்கும். அப்புறம் ஒரு நாளு நல்லா ஆன மாதிரி எந்திரிச்சு ஒக்காருவான். வீட்டுல கஞ்சி வச்சுக் குடுத்துச் சாமிக்கு வேண்டிக்குவாங்க. உள்ளுக்குள்ள கல்லீரல் கரைஞ்சுக்கிட்டு இருக்கும். நம்ம நாட்டுலயும் 2022 ஏப்ரல்ல அஸ்ஸாம்ல காட்டுக்காளான் தின்னு 13 பேரு செத்தாங்க, பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்து ஏழைச் சனம். அவுங்க நெறத்துக்கு மயங்கிப் பறிக்கல, வயித்துக்கு வெஞ்சனம் தேடிப் பறிச்சாங்க. அதுல நையாண்டி பண்ண ஒண்ணும் இல்ல.

நையாண்டி பண்ண வேண்டிய ஆளுங்க வேற. ராத்திரி எட்டு மணிக்கு எங்க வீட்டுக் கதவத் தட்டி, "அண்ணா, காளான் கெடைக்குமா, அந்தக் காளான்?"னு கண்ணடிச்சுக் கேக்குற ராசாக்கள். எனக்கு வயசு என்ன, அண்ணாவாம். அந்தப் போதைக்காளான் இந்தச் செவப்பனே இல்ல தம்பி. அது சின்னதா, தவுட்டு நெறத்துல, சீந்துவாரில்லாம நிக்கிற வேற சாதி, அதுல இருக்கிற சரக்கு சைலோசைபின். 1985-ஆம் வருசத்துப் போதைப்பொருள் சட்டத்துல அது இருக்கு. வித்தவனையும் வாங்குனவனையும் போலீசு ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போறத இந்த ரோட்டுல நெறையப் பாத்தாச்சு. படத்துல பாத்த செவப்புத்தான் போதைக்காளான்னு நெனச்சு இதப் புடுங்கித் தின்னுட்டு, சொர்க்கத்துக்குப் பொறப்பட்டவன் கக்கூசுக்குப் போயிச் சேருவான். தப்பான பேருல போதைக்குப் போறவனுக்குப் போதையும் கெடையாது, பேரும் கெடையாது.

இதுக்குள்ள இருக்கிற மயக்கத்த சாமியாக்குன ஊரும் உண்டு. சைபீரியாவுல கோரியாக்குன்னு ஒரு சனம். ஸ்ட்ராலன்பெர்க்னு ஒரு சுவீடன் ராணுவ அதிகாரி போருல சிக்கிச் சைபீரியாவுல கைதியா இருந்துட்டு 1730-ல எழுதுன புத்தகத்துல அவுங்களப் பத்திச் சொல்லியிருக்காரு. அங்க வசதி உள்ளவன் வீட்டுக்குள்ள காளான் விருந்து நடக்கும். இல்லாதவன் வாசல்ல மரக்கிண்ணத்தோட நிப்பான். உள்ள இருக்கிறவன் ஒண்ணுக்குப் போக வெளிய வந்தா, இவன் கிண்ணத்துல புடிச்சுக் குடிப்பானாம். ஏன்னா காளான்ல இருக்கிற மயக்கச் சரக்குல ஒரு பங்கு சிறுநீருல வந்துரும். சிரிக்காத. பெரிய மனுசன் வாசல்ல கிண்ணத்தோட நிக்கிற பழக்கம் சைபீரியாவுல மட்டுமா இருக்கு? தேர்தல் நேரத்துல வந்து பாரு.

இன்னொருத்தரு நியூயார்க்குல பேங்குக்காரரு, பேரு வாசன். நம்ம ஊரு வாசன் இல்ல, கார்டன் வாசன். 1968-ல பெரிய புத்தகமே போட்டாரு, ரிக் வேதத்துல வர்ற சோமபானம் இந்தச் செவப்புக் காளான்தான்னு. படிச்சவங்க பல பேரு ஒத்துக்கல, அது வேற செடின்னு இன்னமும் சண்டை ஓடுது. பேங்குக்காரரு வட்டிக்கணக்கோட நிறுத்தியிருந்தா இந்திரனுக்கு இந்த அவமானம் வந்திருக்காது.

இம்புட்டும் சொன்னப்புறமும் எவனாச்சும் தின்னு தொலைச்சான்னா என்ன பண்றது? அதையும் கேட்டுக்க. பாட்டி வைத்தியம் வேணாம், மோரக் குடு, புளியக் கரைச்சு ஊத்துன்னு நாலு பேரு நாலு சொல்லுவான், காதுல வாங்காத. தூங்கித் தெளியட்டும்னு விடாத. 108-க்குப் போனப் போடு. தின்னதுல மிச்சம் இருந்தா, சமைக்காத காளான் இருந்தா, அடியோட ஒரு காகிதப் பையில போட்டு டாக்டருகிட்டக் குடு. பிளாஸ்டிக் பையில போட்டா வேர்த்து அழுகிரும். எத்தன மணிக்குத் தின்னான், எத்தன மணிக்கு வாந்தி வந்துச்சுன்னு எழுதிக் குடு. டாக்டருக்கு அந்த ரெண்டு மணிதான் பாதி வைத்தியம். ஆறு மணி நேரம் தாண்டி ஆரம்பிச்சா பயம் பெரிசு. ஒடனே ஆரம்பிச்சாலும் அலட்சியம் கூடாது, கூடையில ரெண்டு சாதி கலந்து கெடந்திருக்கலாம்.

அப்ப நாங்க காளானே திங்கிறதில்லையான்னு கேப்ப. திங்கிறோம். இடி இடிச்சு மழை பேஞ்ச மறுநாளு கீழ்நாட்டுல கரையான் புத்துல வெள்ளையா மொளைக்குமே, புத்துக்காளான், அதுக்கு ஈடு வெஞ்சனம் கெடையாது. அதத் தோண்டுனா காம்பு வேராட்டம் நீண்டு புத்துக்குள்ள போகும். உள்ள கரையான் தோட்டம் போட்டு வளக்குற பயிரு அது. எந்தப் புத்து, எந்த மாசம், எந்த எடம்னு ஆத்தாகிட்டக் கத்துக்கிட்டு வந்த காளான் ஒண்ணோ ரெண்டோதான். அதத் தாண்டி கை வைக்கிறதில்ல. ஊருக்கு ஊரு தெரிஞ்ச காளான் வேற. சொந்த ஊருல நல்ல காளான் தின்ன தைரியத்துல வேத்தூருக் காட்டுல கை வச்சவன் கதைதான் அந்தப் பிரபு கதை.

நேத்து ஒன்ன மாதிரியே ஒரு காலேஜ் புள்ளை வந்துச்சு. மரத்தப் படம் எடுத்துச்சு, தொப்பிய மேல இருந்து, பக்கத்துல இருந்து, கவுத்து வச்சு செவுள, தோண்டி அடியன்னு எடுத்துச்சு. பக்கத்துல ஒரு அஞ்சு ரூவாக் காச வச்சு அளவும் காட்டுச்சு. அப்புறம் தோண்டுன குழிய மண்ணு தள்ளி மூடுச்சு. "தாயி, பேரு கண்டுபிடிச்சாச்சே, அடுத்தது என்ன?"ன்னேன். "அடுத்தது ஒண்ணும் இல்ல தாத்தா, பேரு தெரிஞ்சதே போதும்"னுச்சு. எனக்கு அந்தப் புள்ளைக்குக் காசு குடுத்துப் பாடம் கேக்கலாமான்னு ஆயிருச்சு. பேரு கண்டுபிடிக்கிறது வேற, அடுப்புல ஏத்துறது வேற. இது ரெண்டையும் ஒண்ணாக் கட்டுன பயலுகதான் ஆசுபத்திரி ரிஜிஸ்தர்ல பேரு எழுதுறாய்ங்க. காட்டுல காளானத் தெரிஞ்சுக்கிறதுக்குக் கண்ணு இருக்கு, கத்தி இருக்கு, கறுப்புத் தாளு இருக்கு. நாக்க இதுல எதுக்குக் கூப்பிடுற? அதுக்குத்தான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சூடா மிளகாய் பஜ்ஜி போடுறாங்களே.

என்ன, இன்னும் ஒரு கேள்வி நெஞ்சுல நிக்கிதா? கேட்டுரு. "தாத்தா, நெசமாச் சொல்லுங்க, நீங்க இதத் தின்னு பாத்திருக்கீங்களா?" அதானே, வந்த நேரத்துல இருந்து இதுக்குத்தான் சுத்துற. தின்னதில்லைன்னு சொன்னா, தின்னு பாக்காம இம்புட்டுப் பேசுறாரேம்ப. தின்னிருக்கேன்னு வச்சுக்குவோம். அப்ப இந்நேரம் வரைக்கும் ஒனக்குப் புத்தி சொன்னது நானா, காளானான்னு ஒன் ஆப்புலதான் கேட்டுப் பாக்கணும்.